மணல்வாயிற் சதுக்கம்

தென் ஸ்பெயினிலுள்ள கிரனடா நகருக்குச் செல்வோரில் பெரும்பாலோர் அல்ஹம்ரா அரண்மனையைக் காணவே செல்கின்றனர். குன்றின்மேல் நின்றொளிரும் அச்செம்மாளிகையின் கூடங்களையும் நீர்நிலைகளையும் சுவர்களிற் செதுக்கப்பட்ட அரபுக் கவிதைகளையும் கண்டு களித்தபின், கீழே நகருக்குள் இறங்கி வந்து களைப்பாறுவதற்கு ஒரு சதுக்கத்தில் அமர்கின்றனர். நடுவே நீரூற்று, அதன் உச்சியில் நெப்டியூன் என்னும் கடல் தெய்வத்தின் சிலை, அடியில் வாய்வழி நீரைச் சொரியும் பூத உருவங்கள். சுற்றிலும் பூக்கடைகள், நிழல் தரும் மரங்கள், சூடான சாக்லேட்டும் எண்ணெயில் பொரித்த பலகாரமும் விற்கும் உணவகங்கள். பூக்கடைகள் மிகுதியாதலின் உள்ளூரார் இதனைப் பூச்சதுக்கம் என்றும் அழைப்பர். ஆயினும் வரலாறு அறிந்த பெயர் ‘பிப் ராம்ப்லா’ என்பதே.

சதுக்கம் என்னும் சொல் நமக்குப் புதியதன்று. புகார் நகரின் பூத சதுக்கத்தைச் சிலப்பதிகாரம் பயின்றோர் அறிவர். அங்கும் அது பொய் கூறியோரும் வஞ்சித்தோரும் தண்டனை பெறும் இடமாகவே காட்டப்படுகிறது. ஊர் கூடும் வெளி அங்காடியாகவும் விழாக்களமாகவும் தண்டனைக் களமாகவும் ஒருங்கே விளங்குவது பழைய நகரங்கள் பலவற்றின் இயல்பு. பிப் ராம்ப்லாவும் அவ்வாறே விளங்கியது. இங்கே வணிகம் நடந்தது, காளைப்போர் நடந்தது, சமய விசாரணை மன்றத்தின் தீர்ப்புகள் ஊரறிய வாசிக்கப்பட்டன, நூல்களும் எரிந்தன. அந்நூல்கள் எழுதப்பட்டிருந்த மொழியிலேதான் இச்சதுக்கத்தின் பெயர் இன்றும் வழங்குகிறது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள்.

பெயரும் இடமும்

‘பாபுர் ரம்லா’ என்பது அரபுத் தொடர். பாப் என்றால் வாயில். ரம்லா என்றால் மணல். நகரின் ஊடே ஓடும் தார்ரோ ஆறு கொண்டுவந்து குவித்த மணற்பாங்கான நிலத்தை நோக்கி நகர மதிலில் ஒரு வாயில் இருந்தது. அவ்வாயிலின் பெயரே அதனை அடுத்த வெளிக்கும் ஆயிற்று. பாப் எவ்வாறு பிப் ஆயிற்று என மொழிப்பாட மாணவர் வினவக்கூடும். அந்தலூசிய மக்கள் பேசிய அரபில் ஆகார ஒலி ஈகாரத்தை நோக்கிச் சாய்ந்து ஒலித்தது; இதனை அரபு இலக்கணிகள் ‘இமாலா’ என்பர். எனவே ஏட்டில் பாப் என்று எழுதியதை அம்மக்கள் வாயால் பீப் என்றே வழங்கினர். இப்பெயர் ஏட்டிலிருந்து எடுத்து வைக்கப்பட்டதன்று, கிரனடாவின் தெருவில் மக்கள் ஒலித்த ஒலி என்பதற்கு அச்சிறு திரிபே சான்றாகும். ரம்லா என்னும் சொல் ஸ்பானிய மொழியில் ராம்ப்லா ஆகி, மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் மணலாற்றைக் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. பார்சலோனா நகரின் புகழ்பெற்ற ராம்ப்லா வீதியும் இதனடிப் பிறந்த பெயரே.

சதுக்கத்திலிருந்து எத்திசையில் நடந்தாலும் அரபுச் சொல் ஒன்று எதிர்ப்படும். பட்டு விற்ற அங்காடி ‘அல்காய்செரியா’. இஃது ‘அல்கைசரிய்யா’ என்பதன் திரிபு. 1843ஆம் ஆண்டு மூண்ட தீயில் அவ்வங்காடி அழிந்தது. இன்று காண்பது பழைய பாணியில் மீண்டும் கட்டப்பட்டது. அதனை ஒட்டிய ‘ஸகாதீன்’ தெரு, பழந்துணி விற்போரைக் குறிக்கும் ‘ஸக்காத்தீன்’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. சிறிது தொலைவில், வணிகர் தங்கிய பதினான்காம் நூற்றாண்டுச் சத்திரம் ஒன்று இன்றும் நிற்கிறது. அத்தகைய சத்திரத்தை ஸ்பானியர் ‘அல்ஓந்திகா’ என்பர். அது ‘அல்ஃபுந்துக்’ என்பதேயாகும். அரச தேவாலயத்திற்கு எதிரே, மன்னர் முதலாம் யூசுப் 1349இல் நிறுவிய மதரஸாவின் தொழுகைக்கூடம் எஞ்சியுள்ளது. இடைக்காலத்தில் நகர மன்றமாகப் பயன்பட்ட அக்கட்டடம் இன்று கிரனடாப் பல்கலைக்கழகத்தின் உடைமை.

எரிந்தவை

1491 நவம்பரில் உடன்படிக்கை ஒன்று எழுதப்பட்டது. அதன்படி 1492 சனவரி 2ஆம் நாள், நஸ்ரு மரபின் கடைசி மன்னர் அபூ அப்துல்லாஹ் முஹம்மது, கத்தோலிக்க அரசர்களான இசபெல்லா, பெர்டினாந்து ஆகியோரிடம் நகரை ஒப்படைத்தார். முஸ்லிம்களின் சமயம், பள்ளிவாசல், சொத்து, சட்டம், காஜிகளின் தீர்ப்பு ஆகிய யாவும் காக்கப்படும் என அவ்வுடன்படிக்கை உறுதி கூறிற்று.

முதற் சில ஆண்டுகள் அவ்வுறுதி பெருமளவு காக்கப்பட்டது. இதற்குரிய பெருமை முதற் பேராயர் எர்னாந்தோ தெ தலவெராவைச் சேரும். மக்களைத் தம் சமயத்திற்கு ஈர்க்க அவரும் விரும்பினார். ஆனால் அவர்தம் வழி அறிவுறுத்தலும் நன்னடத்தையும். பாதிரிமார் அரபு கற்க வேண்டும் என்றார். அம்முயற்சியின் பயனாகப் பேத்ரோ தெ அல்கலா என்னும் துறவி இயற்றிய அரபு இலக்கணமும் சொற்றொகுதியும் 1505இல் கிரனடாவில் அச்சேறின. கிரனடா முஸ்லிம்கள் தலவெராவைப் ‘புனித ஃபகீஹ்’ என்று குறிப்பிட்டனர். மாற்றுச் சமயத் தலைவர் ஒருவரைத் தம் மார்க்க அறிஞரின் பெயரால் அழைத்தமை, அம்மக்கள் அவர்பால் கொண்டிருந்த மதிப்பைக் காட்டும்.

1499இல் தொலெதோப் பேராயர் பிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் தெ சிஸ்னெரோஸ் கிரனடாவுக்கு வந்தார். வந்ததும் நிலைமை மாறிற்று. கூட்டங் கூட்டமாக மக்கள் ஞானநீராட்டப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் அல்பைசின் பகுதி மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சியால் உடன்படிக்கை முறிந்துவிட்டது என்று ஆட்சியாளர் வாதிட்டனர். 1501 அக்டோபரில், திருக்குர்ஆன் பிரதிகளையும் இஸ்லாமிய சமய நூல்களையும் ஒப்படைத்து எரிக்குமாறு அரச ஆணை பிறந்தது. 1502இல் காஸ்தீலிய அரசின் முஸ்லிம்கள் மதம் மாறவேண்டும் அல்லது வெளியேறவேண்டும் என்று ஆணையிடப்பட்டது.

நூல்கள் எரிந்த இடம் பிப் ராம்ப்லா என்பதே வழிவழிச் செய்தி. நிகழ்ந்த ஆண்டை 1499 முதல் 1501 வரை ஆசிரியர்கள் பலவாறு குறிப்பர். எண்ணிக்கையிலும் பெருத்த வேறுபாடு உண்டு. சிஸ்னெரோஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய கோமெஸ் தெ காஸ்த்ரோ ஐயாயிரம் என்றார். பின்வந்தோர் பத்து இலட்சத்திற்கும் மேல் என்றனர். பின்னைய கணக்கு நம்பத்தக்கதன்று. ஒவ்வொரு பிரதியும் கையால் எழுதப்பட்ட காலம் அது. ஒரு நகரில் பத்து இலட்சம் ஏடுகள் இருந்திருக்க முடியாது. நம் மேடைகளிலும் அவ்வப்போது இப்பெருந்தொகை ஒலிப்பதுண்டு. அதனைக் கைவிடுதல் நலம். ஐயாயிரம் கையெழுத்துப் பிரதிகள் என்றால் எத்தனை எழுத்தரின் எத்தனை ஆண்டு உழைப்பு என்று எண்ணிப் பார்த்தால் போதும். மிகைப்படுத்த வேண்டிய தேவை எழாது. பொன் வண்ணமும் வெள்ளி வேலைப்பாடும் கொண்ட கட்டமைப்புகளைக்கூட விட்டுவைக்கவில்லை என்று அவ்வாசிரியர் எழுதுகிறார், அதுவும் பாராட்டாகவே. மருத்துவ நூல்கள் சில மட்டும் ஒதுக்கி எடுக்கப்பட்டு அல்கலா நகருக்கு அனுப்பப்பட்டன.

அல்கலாவுக்கு ஏன் அனுப்பினார் என்பதே நம்மைப் பெரிதும் சிந்திக்க வைப்பது. அங்கே ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவியவர் இதே சிஸ்னெரோஸ். எபிரேயம், கிரேக்கம், இலத்தீன், அரமேயம் ஆகிய மொழிகளில் விவிலியத்தை ஒருங்கே தரும் ஆறு தொகுதிப் பதிப்பை, அறிஞர் குழு அமைத்து, பெரும்பொருள் செலவிட்டு வெளிக்கொணர்ந்தவரும் அவரே. 1514 முதல் 1517 வரை அச்சான அப்பதிப்பு ஐரோப்பியப் பதிப்பு வரலாற்றில் ஒரு சிகரம். நூலின் அருமை அறியாத ஒருவர் எரித்தார் என்றால் அறியாமை என்று கூறி அமையலாம். இவரோ சுவடி தேடி ஒப்புநோக்கிப் பாடம் கண்டவர், கல்லூரி கட்டியவர். கற்றவர் எரித்தார் என்பதனால்தான் இந்நிகழ்ச்சியைக் கல்லூரி மலர் ஒன்றில் பேச வேண்டியுள்ளது.

பெர்லினில் ஒரு கல்வெட்டு

முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் செருமானியக் கவிஞர் ஐன்ரிக் ஐனெ இந்நிகழ்ச்சியை எடுத்தாண்டார். யூதக் குடும்பத்தில் 1797இல் பிறந்த அவர், ‘அல்மன்சோர்’ என்னும் நாடகத்தை 1823இல் வெளியிட்டார். கிரனடாவின் வீழ்ச்சிக்குப் பிந்திய காலமே அதன் களம். அதில், நகரின் சந்தைவெளியில் திருக்குர்ஆன் தீயிலிடப்பட்ட செய்தியை ஒருவர் கூற, முதியவரான மற்றொரு முஸ்லிம் பாத்திரம் மறுமொழி கூறுகிறது. நூலை எரிப்பதற்கும் மனிதரை எரிப்பதற்கும் உள்ள உறவைச் சொல்லும் மறுமொழி அது.

1933 மே 10ஆம் நாள் இரவு, பெர்லின் நகரின் ஒப்பேராச் சதுக்கத்தில், நாஜி மாணவர் அமைப்பினர் ஏறத்தாழ 20,000 நூல்களைத் தீயிட்டனர். அச்சதுக்கம் பல்கலைக்கழகத்திற்கு நேர் எதிரே உள்ளது. எரித்தோருள் மாணவரும் ஆசிரியரும் இருந்தனர். இன்று பேபெல் சதுக்கம் எனப்படும் அவ்விடத்தில், மீக்கா உல்மன் என்னும் சிற்பி வடித்த நினைவிடம் 1995இல் திறக்கப்பட்டது. தரையில் ஒரு கண்ணாடி. குனிந்து நோக்கினால் நிலத்தடியே வெண்ணிற அறை. அதில் 20,000 நூல்கள் கொள்ளத்தக்க அடுக்குகள். ஒரு நூலும் இல்லை. அருகே பதித்த பட்டயத்தில் ஐனெயின் அந்நாடக வரி பொறிக்கப்பட்டுள்ளது. அதனைப் படித்துச் செல்வோர் பலர், வரியில் பேசப்படும் நூல் திருக்குர்ஆன் என்பதையும், பேசப்படும் வெளி கிரனடாவின் சந்தைவெளி என்பதையும் அறியார். பெர்லினில் உள்ளது கிரனடாவுக்காக எழுதிய வரி!

ஈண்டு ஒன்று கூறாது விடுதல் நேர்மையாகாது. அந்தலூசிய மண்ணில் நூலெரிப்பைத் தொடங்கி வைத்தவர் சிஸ்னெரோஸ் அல்லர். பதினோராம் நூற்றாண்டில் இப்னு ஹஸ்மின் நூல்களைச் செவில் நகரில் எரித்தவர் முஸ்லிம் மன்னர் முஃததித். இமாம் கஸ்ஸாலியின் ‘இஹ்யா’ 1109இல் குர்துபாவில் எரிக்கப்பட்டது. தூண்டியவர்கள் சட்ட அறிஞர்கள். 1195இல் இப்னு ருஷ்து நாடு கடத்தப்பட்டு, அவர்தம் மெய்யியல் நூல்கள் தீக்கிரையாயின. கிரனடாவின் பெரும் வரலாற்றாசிரியரும் அமைச்சருமான இப்னுல் கதீபின் நூல்கள் சில பதினான்காம் நூற்றாண்டில் அதே கிரனடாவில் காஜியின் தீர்ப்பால் எரிக்கப்பட்டன. கிரனடாவுக்காக இரங்குகின்ற நாம் இப்பட்டியலையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும். வேறுபாடு ஒன்று உண்டு. அதனையும் மறைக்க வேண்டியதில்லை. முன்னைய தீ ஒரு கருத்தை நோக்கிச் சென்றது. கிரனடாவில் மூண்ட தீ, எழுபது ஆண்டுகளுக்குள் ஒரு மொழியையே நோக்கிச் சென்றது.

முதியவர் ஒருவரின் விண்ணப்பம்

மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களை ‘மொரிஸ்கோ’ என அழைத்தனர். 1567 சனவரி முதல் நாள், மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆணை கிரனடாவில் பறைசாற்றப்பட்டது. மூன்றாண்டுக்குள் மொரிஸ்கோக்கள் அனைவரும் ஸ்பானியம் கற்கவேண்டும். அதன்பின் வெளியிலோ வீட்டிலோ அரபு பேசுதலும் எழுதுதலும் படித்தலும் குற்றம். அரபில் எழுதிய பத்திரங்கள் செல்லா. அரபு நூல்களைக் காட்டி ஒப்புதல் பெறவேண்டும். பழைய உடை, முகத்திரை, குளிப்பறை, இசைக்கூத்து, பெயர் ஆகிய யாவும் தடை. வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தல் வேண்டும்.

இவ்வாணையை எதிர்த்து, பிரான்சிஸ்கோ நூஞெஸ் மூலெய் என்னும் மொரிஸ்கோப் பெருமகனார், கிரனடா உயர்நீதி மன்றத் தலைவர் பேத்ரோ தெ தெசாவிடம் ஒரு விண்ணப்பம் அளித்தார். அப்போது அவர் முதியவர். இளமையில் பேராயர் தலவெராவின் பணியாளராக இருந்தவர். நல்ல காலத்தையும் தீய காலத்தையும் ஒருசேரக் கண்டவர். அவ்விண்ணப்பம் இன்று கையெழுத்துப் படியாக மாட்ரிட் தேசிய நூலகத்தில் உள்ளது. மொழி, பண்பாடு, சமயம் ஆகியவற்றின் உறவைப் பற்றி ஐரோப்பாவில் எழுந்த மிகச் சிறந்த ஆவணங்களுள் ஒன்றாக அதனைக் கருதலாம். மொழித்துறை மாணவர் ஒவ்வொருவரும் அதன் வாதங்களை அறிதல் வேண்டும்.

அவர் இறைஞ்சவில்லை, வாதிட்டார். ஆணையின் ஒவ்வொரு விதியையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு விடையிறுத்தார். உடை என்பது நாட்டு வழக்கு. ஓரிடத்து முஸ்லிம் உடை மற்றோரிடத்து முஸ்லிம் உடையோடு ஒவ்வாது. எனவே அதனைச் சமய அடையாளம் எனல் பிழை என்றார். குளிப்பறை தூய்மைக்கு உரியது என்றார். முகத்தை மூடுதல் கிறித்தவப் பெண்டிரிடத்தும் உண்டு எனச் சுட்டினார். பெயர்களை அழித்தால் குடிமரபு அறியும் வழி அற்றுப்போகும் என்றார். நிலத்திற்கும் வீட்டிற்கும் உரிய பத்திரங்கள் அரபில் உள்ளனவே, அவை செல்லாவாயின் உடைமை என்னாகும் என வினவினார்.

மொழியைப் பற்றி அவர் கூறியதே மணிமகுடம். அரபு மொழி ஒரு சமயத்திற்கு மட்டும் உரியதென்றால், எகிப்திலும் சிரியாவிலும் மால்டாவிலும் வாழும் கிறித்தவர் அதனைப் பேசுவது எங்ஙனம்? அவர்கள் அம்மொழியில் பேசுகின்றனர், எழுதுகின்றனர், கிறித்தவராகவும் இருக்கின்றனர். எனவே மொழி வேறு, சமயம் வேறு என்பது அவர் துணிபு. அடுத்து அவர் எழுப்பியது மேலும் எளிய கேள்வி. பிறந்தது முதல் ஒரு மொழியையே பேசிவந்த கிழவரும் கிழவியும், மலையூர்களில் வாழ்வோரும், மூன்றாண்டில் மற்றொரு மொழியை எங்ஙனம் கற்பர்? இருபதாண்டு தந்தாலும் அவரால் இயலாது. ஆதலின் கற்பித்தல் இவ்வாணையின் நோக்கமன்று, குற்றவாளியாக்குதலே அதன் விளைவு என்று அவர் வாதம் செல்கிறது.

அவ்வாதம் ஏற்கப்படவில்லை. 1568 கிறித்துமஸ் முன்னிரவில் அல்புஹர்ரா மலைப்பகுதியில் கிளர்ச்சி வெடித்தது. இருதரப்பிலும் கொடுமைகள் நிகழ்ந்தன. கிளர்ச்சி 1571 வரை நீடித்தது. அது முற்றும் அடங்குமுன்னரே, 1570இல், கிரனடா மொரிஸ்கோக்கள் காஸ்தீலியாவின் பல ஊர்களுக்கும் சிதறடிக்கப்பட்டனர். 1609 முதல் 1614 வரை ஸ்பெயின் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினர் தூனிஸ், மொராக்கோ முதலிய நாடுகளில் குடியமர்ந்தனர்.

சதுக்கத்திற்கு மிக அண்மையிலுள்ள அரச தேவாலயத்தில் இசபெல்லாவும் பெர்டினாந்தும் துயில்கின்றனர். அங்குள்ள பெரும் பீடத்தின் அடிப்பகுதியில், பிலிப்பே பிகார்னி என்னும் சிற்பி பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செதுக்கிய மரச்சிற்பங்களைக் காணலாம். முஸ்லிம் ஆடவரும் பெண்டிரும் வரிசையாக நின்று ஞானநீராட்டுப் பெறும் காட்சி அவற்றுள் உண்டு. பெண்டிர் தம் நாட்டு முகத்திரையுடனேயே நிற்கின்றனர். வெற்றியைக் கொண்டாடச் செய்த சிற்பம் அது. எனினும் பின்னர்த் தடைசெய்யப்பட்ட உடையை நமக்குக் காட்டும் சான்றாகவும் அது நிற்கிறது. பிப் ராம்ப்லாவைக் காணச் செல்வோர் அதனையும் காணாது திரும்பலாகாது.

மறைந்தும் மறையாதவை

அரபு தடைப்பட்டபோது மொரிஸ்கோக்கள் வேறொரு வழி கண்டிருந்தனர். ஸ்பானிய மொழியையே அரபு எழுத்தில் எழுதினர். இதற்கு ‘அல்ஹமியாதோ’ என்று பெயர். அயன்மொழி எனப் பொருள்படும் ‘அஜமிய்யா’ என்னும் அரபுச் சொல்லே அதன் வேர். அராகன் பகுதி மக்கள் பேச்சில் அரபை முன்னரே இழந்திருந்தமையால், அங்கே இவ்வகை ஏடுகள் மிகுதி. நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் மரபும், கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றோர் அதில் ஆக்கிய நூல்களும் நாம் அறிந்தவையே. ஆனால் இங்கே அது கற்றோரின் விருப்பாலும் வசதியாலும் வளர்ந்தது. அங்கே பதினாறாம் நூற்றாண்டில் அது அச்சத்தின் நிழலில் வளர்ந்தது. 1884இல் அராகனிலுள்ள அல்மோனசித் தெ லா சியெர்ரா என்னும் சிற்றூரில் பழைய வீடு ஒன்றை இடித்தபோது, போலித் தளத்தின் அடியில் மறைத்து வைத்த ஏடுகள் வெளிப்பட்டன. அவற்றின் அருமை அறியப்படுவதற்குள் சில அழிந்தன. தப்பியவற்றில் பெரும்பகுதி இன்று மாட்ரிட்டில் ஆய்வாளர் கைக்கு எட்டும் நிலையில் உள்ளது.

கிரனடாவில் இதனினும் வியப்பான ஒன்று நிகழ்ந்தது. 1595 முதல் அந்நகரின் சாக்ரோமோந்தே குன்றில் அரபு பொறித்த ஈயத் தகடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. முதல் நூற்றாண்டுக் கிறித்தவர் எழுதியவை என அவை தம்மையே கூறிக்கொண்டன. அரபு ஆதிக் கிறித்தவரின் மொழி என்றால் அதனை வெறுக்க எவருக்கு மனம் வரும்! மொரிஸ்கோ மொழிபெயர்ப்பாளர்களான அலோன்சோ தெல் கஸ்தில்யோ, மிகெல் தெ லூனா ஆகியோருக்கு இதிற் பங்குண்டு என ஆய்வாளர் பலர் கருதுவர். உரோமை அவற்றைப் போலி என 1682இல் கண்டித்தது. வத்திக்கானிலிருந்த அத்தகடுகள் 2000ஆம் ஆண்டில் கிரனடாவுக்குத் திரும்பின. போலி என்பது மெய்யே. ஆயினும் தம் மொழிக்கு நிற்க ஓரிடம் தேடியோரின் கடைசி முயற்சியாக அதனை நோக்கின், நகைக்கத் தோன்றாது.

அரபு பேசியோரை வெளியேற்றிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அரபு நூல்கள் ஸ்பெயினுக்குள் வந்தன என்பது மற்றொரு முரண். மொராக்கோ மன்னர் ஸைதானின் நூலகத்தை ஏற்றிச் சென்ற கப்பல் 1612இல் ஸ்பானியர் கையில் அகப்பட்டது. ஏறத்தாழ நாலாயிரம் ஏடுகள் எஸ்கோரியல் அரண்மனை நூலகம் சேர்ந்தன. 1671இல் அங்கு நேர்ந்த தீவிபத்தில் பாதிக்கும் மேற்பட்டவை அழிந்தன. எஞ்சியவற்றுக்கு லெபனான் நாட்டுக் கிறித்தவரான மிகேல் கசீரி அட்டவணை இயற்றினார். 1760க்கும் 1770க்கும் இடையே அஃது அச்சாயிற்று. அரபு பேசும் கிறித்தவர் உண்டு என்று நூஞெஸ் மூலெய் கூறிய வாதத்திற்கு, அந்நாட்டு அரச நூலகமே இருநூறு ஆண்டு கழித்துச் சான்று தேடிக்கொண்டது போலும்.

இனிச் சொற்கள். ஸ்பானிய மொழியில் அரபு வழி வந்த சொற்கள், அவற்றின் கிளைச்சொற்களையும் சேர்த்து, ஏறத்தாழ நாலாயிரம் என்பர். எண்ணெய் ‘அசெய்தே’, சர்க்கரை ‘அசூகார்’, பருத்தி ‘அல்கொதோன்’, தலையணை ‘அல்மோஆதா’, வாய்க்கால் ‘அசெகியா’, சுங்கச்சாவடி ‘அதுவானா’. நகரத் தந்தையை ‘அல்கால்தே’ என்கின்றனர்; அது நம் ‘காஜி’யேயன்றி வேறன்று. ஆரஞ்சு ‘நரான்ஹா’; அரபு, பாரசீகம், வடமொழி எனப் பின்னோக்கிச் செல்லும் அச்சொல்லின் மூலம் திராவிடம் என்று மொழியறிஞர் பலர் கூறி, நம் நாரத்தையை உடன்வைத்துக் காட்டுவர். இவை யாவும் பொருட்பெயர்கள். வணிகத்தோடு வந்தன எனலாம். ஆனால் நல்லது நடக்குமாக என்று விழைகின்ற ஸ்பானியர் நாள்தோறும் வாயெடுத்துச் சொல்லும் ‘ஓஹலா’ என்னும் சொல் எவ்வாறு வந்தது? ‘அல்லாஹ் நாடினால்’ என்னும் பொருளுடைய அரபுத் தொடரின் சிதைவு அது. அரபு பேசுதல் குற்றம் என்று 1567இல் முரசறைந்தோரும் அச்சொல்லை வழங்கியிருப்பர்.

பிப் ராம்ப்லா இன்று இரங்கற்களமன்று. ஆண்டுதோறும் கோர்ப்புஸ் கிறிஸ்தி திருவிழாவின்போது, அவ்வாண்டு நிகழ்ச்சிகளை எள்ளும் ஐந்தடிச் செய்யுட்களையும் கேலிச் சித்திரங்களையும் பலகைகளில் தீட்டிச் சதுக்கத்தைச் சுற்றி மாட்டுவர். ‘கரோக்கா’ என்பது அவற்றின் பெயர். ஆளுவோரையும் ஊர் நடப்பையும் செய்யுளால் கிண்டல் செய்வதற்கு நூல் எரிந்த களமே இடம் தந்துள்ளது. ஊர் மக்கள் கூட்டமாக நின்று படித்துச் சிரிப்பர்.

சதுக்கத்திற்குப் பெயர் தந்த வாயில் அங்கே இல்லை. ‘காதுகளின் வளைவு’ என்று பிற்காலத்தில் வழங்கிய அவ்வாயிலை 1884இல் இடித்தனர். அறிஞர் பலர் எதிர்த்தும் பயனில்லை. கற்கள் மட்டும் பாதுகாக்கப்பட்டன. அல்ஹம்ராவின் பாதுகாப்புக் கட்டடக் கலைஞராக இருந்த லியோபோல்தோ தோர்ரெஸ் பால்பாஸ், 1930களில் அக்கற்களைக் கொண்டு வாயிலை மீண்டும் எழுப்பினார். ஆனால் பழைய இடத்தில் அன்று; அல்ஹம்ராக் குன்றின் சோலைக்குள். அரண்மனைக்கு நடந்தே ஏறிச் செல்வோர் சற்று வழிவிலகிச் சென்றால் மரங்களுக்கிடையே அதனைக் காணலாம். மணல் இல்லை, ஆறும் இல்லை. தார்ரோ ஆற்றின் நகர்ப்பகுதியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெருவால் மூடிவிட்டனர். வாயில் குன்றின்மேல் நிற்கிறது. அதன் பெயரோ கீழே, பூக்கடைகளின் நடுவே, ஸ்பானியர் வாயில் அரபாகவே வழங்கி வருகிறது.